பஸ்ஸில் போன கேசட்: வேலூர் டிவி நிருபர் ஒருவரின் தொழில் வாழ்க்கை – ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று முதல் டிவி செய்தி என்றால் நமக்கு ஞாபகம் வருவது வாசித்தவர்களின் முகம்தான். ஷோபனா ரவி, வரதராஜன், ஃபாத்திமா பாபு என்று பெயர் சொன்னால் போதும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் குரலையே நடித்துக் காட்டுவார்கள். தனியார் சேனல்கள் வந்தபின் அந்த இடத்தை விவாதம் நடத்துகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சென்னைக்கு வெளியிலிருந்து தினமும் படமும் தகவலும் அனுப்புகிற மாவட்ட நிருபரை மட்டும் யாருக்கும் தெரியாது. திரையில் மைக்கைப் பிடித்த அவர் கை வரும், சேனல் லோகோ வரும். கேள்வி கேட்ட குரலை எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள்.

அப்படி ஒருவரின் தொழில் வாழ்க்கைதான் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. வேலூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், இன்றும் அதே ஊரில் அதே வேலையில் இருக்கிறார். அதனால் அவர் பெயரும் இல்லை, அவர் வேலை பார்த்த சேனல்களின் பெயரும் இல்லை. நிருபர் என்றே சொல்கிறேன். நான் சென்னையில் செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்து அவர் அனுப்பியதை வாங்கியவர்களில் ஒருவன். போனின் மறுமுனையிலிருந்து பார்த்தவனுடைய சாய்வு இதில் இருக்கும்.

நான் சொல்ல வருவது இரண்டு விஷயம். படம் பிடித்ததற்கும் அது திரைக்குப் போனதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைத்தது என்பது ஒன்று. நிருபருக்கு எதற்காகக் காசு கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. அவருடைய நல்ல செய்திகளையும் மோசமான செய்திகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், திறமையைவிட இந்த இரண்டும்தான் அதிகம் வேலை செய்திருக்கின்றன.

கல்யாண வீடியோவிலிருந்து

குடியாத்தம் பக்கம் லுங்கித் தறி ஓட்டிய குடும்பம். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்தார். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தது ஒரு போட்டோ ஸ்டுடியோவில். தொண்ணூறுகளில் தோளில் சுமக்கிற விஎச்எஸ் கேமராவும், கண்ணைக் கூசவைக்கும் லைட்டும், லைட் பிடிக்க ஒரு பையனுமாகக் கல்யாண மண்டபங்களில் கழிந்த காலம். இது டிவிக்கு நல்ல பயிற்சி என்று அவரே சொல்வார். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் சேனல்கள் பெருகின, செய்திக்கென்றே தனிச் சேனலும் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும். யாரை எடுப்பது? சொந்தக் கேமரா வைத்திருப்பவரை. தேர்வு முறை அவ்வளவுதான். உள்ளூர்க் கேபிளில் சாயங்காலச் செய்தி ஓட்டிக்கொண்டிருந்த நம் ஆள் இப்படித்தான் ஒரு சேனலுக்கு ஸ்ட்ரிங்கர் ஆனார். சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்குச் சில நூறு ரூபாய், ஒளிபரப்பாகாததற்கு ஒன்றுமில்லை. கேமரா, டேப், பெட்ரோல் எல்லாம் சொந்தச் செலவு.

வடார்க்காடு 1989இல் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போன பிறகும் மிஞ்சிய மாவட்டம் சின்னதாக இல்லை. கிழக்கே அரக்கோணம், மேற்கே நாட்றம்பள்ளி. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். அதை ஒரு ஸ்பிளெண்டரில் சுற்றினார்.

வீட்டை நடத்தியது அவர் மனைவி. சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை, கூடவே மனு டைப் அடித்துத் தருவது. திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் கடைவாசலில் வரிசை நிற்கும். பட்டா தகராறு, முதியோர் பென்ஷன், தோல் கழிவுத் தண்ணீர் கிணற்றில் இறங்கியது என்று மாவட்டத்தின் பிரச்சினை அத்தனையும் கலெக்டர் மேசைக்குப் போகுமுன் அந்த மெஷின் கண்ணாடி மீது படுத்து எழும். நிருபரின் நல்ல செய்திகளில் கணிசமானவை அங்கே பிறந்தவை. ஆனால் அவர் மனுவை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார். மனைவி ஆளைக் கேட்பார்: “டிவில வந்தா பரவால்லயாங்க?” சரி என்று சொன்னவர்களிடம் மட்டும் போவார். அந்த அம்மாவின் இந்தக் கேள்வியை நான் பல சேனல்களின் நெறிமுறைக் கையேட்டைவிட மேலாக மதிக்கிறேன்.

மூன்று மணி நேரம்

கேசட் காலத்தின் நடைமுறை இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. மினிடிவி (MiniDV) என்ற வீடியோ கேசட் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. செய்தியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, யார் யார் பேசியிருக்கிறார்கள், எந்த நிமிடத்தில் என்ன படம் என்று குறித்து, கேசட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கவரில் வைப்பார். வேலூர் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் கண்டக்டரிடம் கவரையும் ஒரு சின்னத் தொகையையும் கொடுப்பார். பிறகு டெஸ்க்குக்கு போன்: பஸ் நம்பர் இது, கிளம்பிய நேரம் இது. கோயம்பேட்டில் ஆபீஸ் பையன் காத்திருப்பான். அவசரமென்றால் காட்பாடிக்கு ஓடி, காலையில் லால்பாக், மாலையில் பிருந்தாவன்.

பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். எங்களுக்கு அப்போது அது எரிச்சல். இப்போது யோசித்தால் அந்த மூன்று மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த சீனியர் எடிட்டர். நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. நாலு பேர் பலி என்று எழுதிக் கேசட்டை அனுப்பிவிட்டார். பஸ் வாலாஜா தாண்டியிருக்கும், எஸ்டிடி பூத்திலிருந்து போன் வந்தது: “சார், நாலுன்னு எழுதிட்டேன், மூணு பேர்தான். ஒருத்தருக்கு உயிர் இருக்கு, சிஎம்சியில சேத்துருக்காங்க. மாத்திக்குங்க.” கேசட் இன்னும் வந்து சேரவே இல்லை, திருத்தம் வந்துவிட்டது. அந்தச் செய்தி சரியாகப் போனது. அவர் கவனமான ஆள் என்பது உண்மை. ஆனால் கவனமாக இருக்க அவருக்கு நேரம் இருந்தது என்பதும் உண்மை.

2004 நவம்பரில் காஞ்சி சங்கராச்சாரியார் ஜெயேந்திர சரஸ்வதி கைது செய்யப்பட்டு வேலூர் மத்திய சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுக்கும்வரை தொரப்பாடி சிறைவாசல் நாடு முழுக்கப் பார்த்த வாசலாக இருந்தது. டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேரலை அனுப்புகிற ஓபி வேன்கள் வந்து நின்றன. தலைநகரத்திலிருந்து பெரிய ரிப்போர்ட்டர் வந்து இறங்கினால் மாவட்ட நிருபரின் பதவி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரூம் போட்டுத் தருவது, நல்ல மெஸ் எங்கே என்று காட்டுவது, வார்டனைத் தெரியுமா என்று கேட்டால் அறிமுகம் செய்வது. ஆம்பூர் பிரியாணி வாங்கிவரச் சொன்னவர்களும் உண்டு. சிறைக்குள் என்ன சாப்பிடுகிறார், எங்கே பூஜை செய்கிறார் என்று தினமும் பத்துக் கதை வாசலில் உலவும். அவற்றில் ஐந்தை வேன்கள் அப்படியே வானத்துக்கு ஏற்றின. நம் ஆளின் கேசட் சாயங்காலம் வந்து சேரும்போது அதில் இரண்டு கதை குறைந்திருக்கும், விசாரித்ததில் உதிர்ந்தவை. டெஸ்க்கில் நாங்கள் சொன்னது: “மத்தவங்ககிட்ட இருக்கு, உங்ககிட்ட ஏன் இல்ல?”

2011 ஆகஸ்ட் 24 அன்று புதிய தலைமுறை தொடங்கியது. அதே வாரத்தில் ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவருக்கும் செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது. மூவரும் இருந்தது வேலூர் சிறையில். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 24 மணி நேரத் தமிழ்ச் செய்தியில் போட்டி சூடு பிடித்த முதல் வாரமே தொரப்பாடி வாசலில்தான் விடிந்தது என்று சொன்னால் மிகையில்லை. அதற்குள் கேசட் போய் மெமரி கார்டு வந்துவிட்டது. நெட் சென்டரில் உட்கார்ந்து படத்தை ஏற்றினார், பிறகு டாங்கிள், பிறகு முதுகில் மாட்டும் லைவ் பை. மூன்று மணி நேரமாக இருந்தது இருபது நிமிடமாகச் சுருங்கி, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது.

நாட்றம்பள்ளி, 2016 பிப்ரவரி

இந்த ஆய்வின் நடுப்புள்ளி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாக.

2016 பிப்ரவரி 6, சனிக்கிழமை. நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பகலில் பெரிய வெடிச் சத்தம். கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், வேறு சிலர் காயமடைந்தார்கள். பஸ் கண்ணாடிகளும் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகளும் நொறுங்கின. தரையில் ஒரு பள்ளம்.

வேலூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தனித்தனியாகப் போனால் கட்டுப்படியாகாது என்பதால் நான்கு சேனல்காரர்கள் ஒரே வாடகைக் காரில் போனார்கள். இது மாவட்டங்களில் எப்போதும் நடப்பது. போக முடியாதவருக்குப் போனவர் படம் கொடுப்பார், நாளை அது திரும்பி வரும். நல்ல பழக்கம்தான், பிழைப்பு அப்படி. ஆனால் பார்க்கிறவர் ஐந்து சேனலை மாற்றி மாற்றிப் பார்த்து, ஐந்திலும் அதேதான் வருகிறது, அப்போது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். ஐந்துக்கும் படம் ஒரே மெமரி கார்டிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

நம் ஆள் கிணற்றுக்கு வேட்டு வைத்ததையும் கல்குவாரி விபத்துகளையும் பல ஆண்டுகளாகப் படம் பிடித்தவர். இடத்தைச் சுற்றி வந்துவிட்டு டெஸ்க்குக்குப் பேசினார். “தம்பி, பாத்தா வேட்டு வெடிச்ச எடம் மாதிரி இருக்கு. ஆனா போலீஸ் ஒண்ணும் சொல்லல. ‘மர்மப் பொருள்’னு மட்டும் போட்டு வைங்க.” அன்று அப்படியே போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை வந்தது. கல்லூரி வளாகத்தில் விண்கல் விழுந்ததில் ஓட்டுநர் இறந்தார் என்றும், குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றும் அதில் இருந்தது. அவ்வளவுதான், உலகமே நாட்றம்பள்ளியைப் பார்த்தது. விண்கல் விழுந்து மனிதர் இறந்ததாக நவீன காலத்தில் உறுதியான பதிவே இல்லை என்பதால், உண்மையென்றால் இதுதான் முதல் சம்பவம். டெஸ்க்கில் இருந்த பையன் நிருபரைக் கூப்பிட்டான்: “அண்ணே, சிஎம்மே சொல்லிட்டாங்க. இனிமே மர்மப் பொருள் வேணாம், விண்கல்தான். ரெண்டு மணிக்கு லைவ் நில்லுங்க.”

நிருபர் ஒன்று கேட்டார். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அன்றைய வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம், 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிற இடம். வானத்திலிருந்து கல் விழுமா, விழுந்தால் பள்ளம் எப்படி இருக்கும் என்று கேட்க அதைவிடப் பொருத்தமான முகவரி தமிழ்நாட்டிலேயே இல்லை. “காவலூர்ல ஒரு பைட் எடுத்துட்டு வந்துடட்டுமா?” பைட் என்றால் கேமரா முன் பேசவைத்து எடுக்கிற சின்னப் பேட்டி. டெஸ்க்கின் பதில்: “அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம்ணே. லைவ்ல ஆள் இல்லாம போயிடும்.”

லைவில் நின்றார். அந்த ஒளிப்பதிவை நான் பிறகு திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ‘விண்கல் விழுந்ததாக முதலமைச்சர் தெரிவித்திருக்கிறார்’ என்றே சொல்கிறார். ‘விஞ்ஞானிகளின் ஆய்வு முடியவில்லை’ என்று முடிக்கிறார். ஓரிடத்தில்கூட விண்கல் விழுந்தது என்று தன் வாயால் சொல்லவில்லை. ஸ்டுடியோவிலிருந்த ஆங்கர் “ஆக, விண்கல்தான் என்பது உறுதியாகியிருக்கிறது, இல்லையா?” என்று தூண்டில் போடுகிறார். நிருபர் காதுக்கருவியைச் சரிசெய்கிற மாதிரி ஒரு நொடி தாமதித்து, “அரசு அப்படித் தெரிவித்திருக்கிறது” என்கிறார். அவர் நெஞ்சுக்குக் கீழே சிவப்புப் பட்டையில் கொட்டை எழுத்தில்: ‘விண்கல் விழுந்து ஓட்டுநர் பலி’.

யார் சொன்னது என்பது நிருபரின் வாக்கியத்தில் இருந்தது. சென்னையில் எழுதிய பட்டையில் இல்லை. பார்த்தவர்களுக்கு ஞாபகம் நிற்பது எது? டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும் டீக்கடையில் பட்டை மட்டும்தான் செய்தி.

சில நாட்களில் நாசாவின் கருத்து வந்தது. இணையத்தில் வெளியான படங்களை வைத்துப் பார்த்தால் இது வானத்திலிருந்து வந்த பொருளால் ஏற்பட்டது போல இல்லை, தரையில் நடந்த வெடிப்போடுதான் ஒத்துப்போகிறது என்றார்கள். காவலூரை நடத்துகிற அதே வானியற்பியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் விண்கல் வாதத்தைச் சந்தேகித்தார்கள். கவனியுங்கள், நாசா யாரும் நாட்றம்பள்ளிக்கு வரவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். அதே மாதிரிப் படங்கள் முதல் நாளே எங்கள் சர்வரில் இருந்தன. நேரில் நின்றவரின் சந்தேகமும் போனில் இருந்தது. எல்லாம் கையில் இருந்தும் நாங்கள் அறிக்கையைப் படித்தோம்.

முதலமைச்சரின் அறிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது, அது செய்திதான். அதில் எனக்குக் குறையில்லை. நான் குறை சொல்வது, லைவில் ஒருவரை நிறுத்தி வைப்பதற்காக அவரை விசாரிக்க விடாமல் செய்ததை. நேரலை என்றால் சம்பவ இடத்திலிருந்து புதிதாக ஏதோ வருகிறது என்று பார்க்கிறவர் நம்புகிறார். உண்மையில் அன்று நடந்தது தலைகீழ்: தகவல் சென்னையிலிருந்து நாட்றம்பள்ளிக்குப் போய், அவர் வாய் வழியாக மறுபடி சென்னைக்கு வந்தது.

மறுப்புச் செய்தி எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்காதீர்கள்.

வராத செய்திகள்

திங்கட்கிழமைக்கு இன்னொரு முகமும் உண்டு. கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளிக்க முயற்சி என்ற செய்தியை எந்த மாவட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லையில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே கலெக்டர் அலுவலகத்தில் எரிந்து போனதற்குப் பிறகு எல்லா ஊரிலும் வாசலில் சோதனை பலமானது. அதற்கு முன்பும் பின்பும் நிருபர்களுக்கு முதல் நாளே போன் வருவதுண்டு: “சார், நாளைக்குப் பத்தரைக்கு வந்துடுங்க, கேமரா இருந்தாத்தான் எங்க பிரச்சினைய கேப்பாங்க.” நம் ஆள் இப்படிப் போன் வந்தால் முதலில் போலீசுக்குச் சொல்லிவிடுவார். அந்த ஆள் வாசலுக்குப் போகும் முன்பே போலீஸ் மடக்கிவிடும். பிறகு இவர் மனுவை வாங்கி, என்ன பிரச்சினை என்று கேட்டு எழுதுவார். பக்கத்துச் சேனல்காரர்களுக்கு இதில் கோபம். ஒருவர் ஜெராக்ஸ் கடையிலேயே வந்து சண்டை போட்டார்: “விஷுவலை நீயே கெடுத்துட்டியே அண்ணே, என் புள்ளைக்கு ஃபீஸ் யாரு கட்டுறது?” கொடூரமாகக் கேட்கலாம். ஆனால் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற இடத்தில் அது நேர்மையான கேள்வி. மண்ணெண்ணெய் கேனை வைத்துக்கொண்டு நிற்கிற படத்துக்குக் காசு உண்டு. நடக்காமல் தடுத்ததற்கு எந்தச் சேனலும் காசு கொடுத்ததில்லை.

2018இல் இது இன்னும் பெரிதாக வந்தது. வட மாநிலத்திலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப் வதந்தி வடார்க்காடு முழுக்கப் பரவியது. குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து வந்த குடும்பத்தை வழிமறித்து அடித்தார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் குற்றம். 65 வயது மூதாட்டி இறந்தார்.

அந்த வாரங்களில் நிருபருக்கு ராத்திரி பகலாகப் போன். அணைக்கட்டுப் பக்கம் பிடித்துவிட்டார்கள், பேர்ணாம்பட்டில் பிடித்துவிட்டார்கள், ஒடுகத்தூரில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடமாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போன இடங்களில் பிள்ளை பிடிக்கிறவர் யாரும் இல்லை. துணி விற்க வந்தவர், புத்தி சரியில்லாமல் அலைகிறவர், வழி கேட்டவர். பெற்றவர்களிடம் கேட்டார், ஸ்டேஷனில் கேட்டார், பிள்ளை காணவில்லை என்று ஒரு புகாரும் இல்லை. டெஸ்க்குக்குச் சொன்னார்: ஒன்றும் இல்லை. அதைச் செய்தியாகப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்டார். “ஒண்ணும் நடக்கலங்கறத எப்படிணே பிரேக்கிங் போடுறது?” என்றார்கள்.

அந்த மாதம் அவர் பெட்ரோலுக்குச் செலவழித்தது வந்ததைவிட அதிகம். ஒரு பொய்யை உறுதி செய்யாமல் ‘பிள்ளை பிடிக்க வந்தவர் சிக்கினார்?’ என்று கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் கூலி வந்திருக்கும். கேள்விக்குறி என்பது டிவிக்காரர்களின் முன்ஜாமீன்.

இரண்டு தேர்தல், ஒரு வெள்ளம்

2019ஐ வேகமாகக் கடக்கலாம். வேலூர் மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டியது. கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டதைத் தொடர்ந்து இரண்டு நாள் முன்பு ரத்தானது. அதே தொகுதிக்குள் வருகிற ஆம்பூர், குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தல் மட்டும் நடந்தது. ஒரே வாக்குச்சாவடியில் ஒரு ஓட்டு உண்டு, இன்னொரு ஓட்டு இல்லை என்பதை மக்களுக்கு விளக்கியே அவர் தொண்டை கட்டிப்போனது. ரத்தான தேர்தல் ஆகஸ்ட் 5 அன்று நடந்தது, திமுகவின் கதிர் ஆனந்த் 8,141 ஓட்டில் ஜெயித்தார். நடுவில் ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 50 வேகன் குடிநீர் ரயில். நவம்பர் 28 அன்று மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. நாட்றம்பள்ளியும் காவலூரும் ஆம்பூரும் ஒரே நாளில் அவர் எல்லைக்கு வெளியே போயின. உழைத்துச் சேர்த்த போன் நம்பர்களில் பாதி இன்னொருவரின் மாவட்டம்.

‘ஆறு உண்டு, தண்ணீர் இல்லை’ என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். 2021 நவம்பரில் பாலாறு இருகரை தொட்டு ஓடியது. விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தை வெள்ளம் மூடியதைப் பார்க்க ஜனம் திருவிழாப் போலக் கூடியது. நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் மழையில் சுவர் சரிந்து வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். உறவினரிடம் ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்று பைட் கேட்டு டெஸ்க் விரட்டியது. அவர் தெரு முனையில் நின்று, அந்தச் சுவர் எந்த வருடம் கட்டியது, நோட்டீஸ் கொடுத்தார்களா என்று நகராட்சி ஆட்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பைட் வேறு யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். நிருபர்கள் பகிர்ந்துகொள்கிற படங்களோடு அது வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

சட்டத்தில் எங்கே இருக்கிறார்

உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம் நாளிதழ்க்காரர்களை மனதில் வைத்து எழுதியது. டிவி அப்போது ஊரில் இல்லை. மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரையை 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோதும் அது அச்சு ஊடகத்துக்குத்தான். 2020இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் மின்னணு ஊடகமும் வரையறைக்குள் வந்தது. நல்லதுதான். ஆனால் சேனல் இவரை ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் அல்லவா வரையறை பேச முடியும்? கையில் இருப்பது நியமன ஆணை கிடையாது. ஒரு ஐடி கார்டு, ஒரு லோகோ. லோகோவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வேலை போயிற்று. அவருக்கு ஒரு தடவை அப்படித்தான் போனது, வாட்ஸ்அப்பில் ஒரு வரி.

2021 மே மாதம் பத்திரிகையாளர்களை முன்களப் பணியாளர் என்று மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கொரோனாவில் இறந்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று தொகையும் உயர்ந்தது. அட்டை இருந்ததால் நிருபருக்குக் கவலையில்லை. அவரோடு அதே வார்டு வாசலில், அதே சுடுகாட்டு வாசலில் நின்ற கேமராமேன் தம்பிக்கு எந்த அட்டையும் இல்லை. அவனுடைய சம்பளத்தை அதுவரை கொடுத்துக்கொண்டிருந்ததே நிருபர்தான், தன் செய்திக் கூலியிலிருந்து. மாவட்டச் செய்தியின் பொருளாதாரத்தை ஆராய வருகிற மாணவர்கள் சேனலின் விளம்பர வருமானத்தில் தொடங்குவதைவிட இந்த இரண்டு பேரின் கணக்கில் தொடங்கலாம்.

இப்போது அவர் ஒரு சின்னச் சேனலில் இருக்கிறார். மாதம் ஒரு நிலையான தொகை, அதற்குமேல் செய்திக்கு இவ்வளவு. கேமரா போய் போன் வந்துவிட்டது, தானே பிடித்துத் தானே அனுப்புகிறார். சேர்வதற்கு முன் இரண்டு நிபந்தனை வைத்தார். யார் சொன்னது என்று அவர் சொல்லி அனுப்பினால் பட்டையிலும் அது வர வேண்டும். போய் விசாரித்து, பொய் என்று நிறுத்திய செய்திக்கும் கூலி வேண்டும்.

முதல் நிபந்தனையை ஒப்புக்கொண்டார்கள், பாதி நாள் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். இரண்டாவதற்குச் சிரித்தார்கள். மாதக் கடைசியில் அனுப்புகிற பில் படிவத்தில் ஒளிபரப்பான தேதி என்று ஒரு கட்டம் உண்டு, அது நிரம்பாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. அதனால் அவர் அந்தப் பயணங்களைப் பக்கத்து ஊரில் நடந்த ஏதாவது ஒரு கோயில் திருவிழா செய்தியின் பெட்ரோல் செலவோடு சேர்த்து எழுதிவிடுகிறார். வேலூர் மாவட்டத்தில் திருவிழாவுக்குப் பஞ்சம் இல்லை. அக்கவுண்ட்ஸில் இதுவரை யாரும் கேட்கவில்லை.